வாயை அடைத்தது மணல்! உயிரைக் கேட்டது அலை!
முதலப்பொழியில் இரவு பகலாக மணல் அள்ளிய கதை

"மணல்தானே சார், அள்ளிப்போட்டால் தீர்ந்தது!"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுகிறவர் இப்படித்தான் சொல்வார். தெருவில் ஒரு லாரி மணல் கொட்டிக் கிடந்தால் நாலு ஆள், நாலு மண்வெட்டி போதும். ஒரு பொழுதில் இடம் சுத்தமாகிவிடும்.

ஆனால் அதே மணல் கடல் வாயில் விழுந்தால்?

ஊரே அல்லோலகல்லோலப்படும். படகுகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். வெளியே போன படகு வீடு திரும்ப முடியாது. திரும்பினாலும் வீட்டு வாசலிலேயே உயிர் போகும்.

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள முதலப்பொழி என்ற இடத்தில் இது கண் முன்னால் நடந்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கே துறைமுகத்தின் வாயை மணல் முழுசாக மூடிவிட்டது. அரசாங்கம் அலறி அடித்துக்கொண்டு மணல் அள்ளும் கப்பலைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதன் விவரம் வருமாறு:—

*எங்கே இருக்கிறது?*

திருவனந்தபுரத்தில் இருந்து கடற்கரை ஓரமாகவே வடக்கே போனால் பெருமாதுறை என்ற ஊர் வரும். அதற்கு அக்கரையில் தாழம்பள்ளி. இரண்டு ஊருக்கும் நடுவேதான் இந்த முதலப்பொழி. மேலே ஒரு பாலம் உண்டு.

பொழி என்றால் வேறு ஒன்றும் இல்லை. காயல் தண்ணீர் கடலில் போய் விழுகிற வாய். நாம் முகத்துவாரம் என்கிறோம். கன்னியாகுமரி ஜில்லாக்காரர்களுக்குப் பொழி என்றாலே புரியும்.

வாமனபுரம் ஆற்றுத் தண்ணீர் காயலில் விழுந்து, இந்த வாய் வழியாகத்தான் அரபிக்கடலுக்குப் போகிறது. பக்கத்திலேயே அஞ்சுதெங்கு. வெள்ளைக்காரக் கம்பெனி 300 ஆண்டுகளுக்கு முன்னால் கோட்டை கட்டிக்கொண்டு மிளகு வியாபாரம் செய்த அதே அஞ்சுதெங்குதான். அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது.

மலையாளத்தில் 'முதல' என்றால் முதலை. பெயரில் இருக்கிற முதலையை யாரும் பார்க்கவில்லை. ஆனால் இந்த வாய் விழுங்கிய உயிர்களுக்குக் கணக்கு உண்டு. துறைமுகச் சுவர் கட்டிய பிறகு இதுவரை 60-க்கும் மேற்பட்ட மீனவர்கள் இங்கே பலியாகி இருக்கிறார்கள்.

நடுக்கடலில் அல்ல. புயலில் அல்ல. கரையில் நிற்கிறவர்கள் கைதட்டிக் கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில்!

*4 பேர் பலியான காலை*

2023-ஆம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி. மழைக்காலம். கடல் கொந்தளிப்பு. மீன் பிடிக்கப் போன ஒரு படகு வாயில் கவிழ்ந்தது. அதில் இருந்த 4 பேரும் பரிதாபமாக மாண்டார்கள்.

ஊர் கொதித்தது. பார்க்க வந்த மந்திரிகளை ஜனங்கள் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். "எத்தனை பேர் செத்தால் மணலை அள்ளுவீர்கள்?" என்பதுதான் அந்தக் கேள்விகளின் சாரம்.

இந்த ஜனங்கள் யார் தெரியுமா? 2018-ஆம் ஆண்டு கேரளத்தைப் பெருவெள்ளம் புரட்டிப் போட்டதே, அப்போது தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், மாடியிலும் கூரையிலும் தவித்தவர்களை ஆயிரக்கணக்கில் மீட்டவர்கள் கேரளத்து மீனவர்கள். திருவனந்தபுரம் கடற்கரையில் இருந்தும் படகுகள் போயின. பலர் தாங்களாகவே முன்வந்து போனார்கள்.

ஊரைக் காப்பாற்றியவர்களுக்கு, தங்கள் ஊர் வாசலில் காப்பு இல்லை!

*மணல் எப்படி ஆளைக் கொல்லும்?*

"மணல் தடுத்தால் படகு தட்டும், நிற்கும். கவிழ்வானேன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆழக் கடலில் அலை உருண்டுகொண்டு போகும். படகு ஏறும், இறங்கும். பயம் இல்லை. அலை கரைக்கு வரவர அடியில் தரை தட்டும். அலையின் கால் இடறுகிறது. தலை முன்னால் சாய்கிறது. அதுதான் அலை உடைவது.

எந்த ஆழத்தில் உடையும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 6 அடி உயர அலை வந்தால், சுமார் 8 அடி ஆழத்தில் அது உடைந்துவிடும். வாயில் 20 அடி ஆழம் இருந்தால் அதே அலை உடையாமல் உள்ளே போய்விடும். படகும் அதன் முதுகில் ஏறிப் போய்விடும்.

மணல் விழுந்து 20 அடி ஆழம் 8 அடி ஆனால்? நேற்று வரை சாதுவாகப் போன அலை இன்று வாசலிலேயே சுவர் மாதிரி எழுந்து விழும்.

கடல் தண்ணீர் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் எடுத்தால் ஒரு டன்னுக்கு மேல் கனம். அந்த மாதிரிப் பல டன் ஒரே நொடியில் ஒரு பைபர் படகின் மேல் விழுந்தால் கதி என்ன?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கடல் வற்றுகிற நேரத்தில் காயல் தண்ணீர் வேகமாக வெளியே பாயும். வெளியே இருந்து அலை உள்ளே வரும். இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் அலை இன்னும் செங்குத்தாக நிமிரும். பின்னால் இருந்து வந்த அலை படகின் பிட்டத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் தீர்ந்தது. அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

கவிழ்ந்தபின் நீந்திப் பிழைக்கலாமே என்றால், இரண்டு பக்கமும் பாறாங்கல் சுவர். அலை ஆளைத் தூக்கிக் கல்லில் அடிக்கும். நீச்சல் தெரிந்தவனும் பிழைப்பது அரிது. முதலப்பொழியில் செத்தவர்கள் நீச்சல் தெரியாதவர்கள் அல்லவே! கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

*கள்ளக்கடல்*

மழைக்காலம்தான் ஆபத்து என்று நினைத்தால் அதுவும் தப்பு.

ஏப்ரல், மே மாதங்களில் வானம் பளிச்சென்று இருக்கும். காற்று இருக்காது. திடீரென்று கடல் பொங்கும். எங்கோ தெற்கே, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். கேரளத்து மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. திருடன் மாதிரி சத்தம் இல்லாமல் வருகிறதாம்!

விஞ்ஞானிகள் இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 2012-ல் யுனெஸ்கோவும் ஒப்புக்கொண்டது. இப்போது ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் கள்ளக்கடல் வருகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கன்னியாகுமரி கடற்கரைக்கும் அந்த எச்சரிக்கை வருகிறது.

வாய் ஆழமாக இருந்தால் கள்ளக்கடல் வந்தாலும் படகு ஓடி உள்ளே நுழைந்துவிடலாம். வாய் தூர்ந்து கிடந்தால் வெளியேயும் ஆபத்து, உள்ளே வருவதும் ஆபத்து.

*சுவர் கட்டினால் மணல் ஏன் சேருகிறது?*

இதைப் புரிந்துகொள்ளக் கேரளத்துக்குப் போக வேண்டாம். சென்னையில் இருக்கிறவர்கள் மெரினாவுக்குப் போனால் போதும்.

இன்றைக்கு மாலையில் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் நடக்கிறோமே, அந்த மணல் முழுசும் ஆதியில் இருந்து அங்கே இருந்தது அல்ல. 1875-ல் சென்னைத் துறைமுக வேலை ஆரம்பம் ஆனது. கடலுக்குள் கல் சுவர் நீண்டது. தெற்கே இருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. வருஷா வருஷம் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலம் ஆனது.

அந்தப் பக்கம் என்ன ஆயிற்று? ராயபுரம், காசிமேடு பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையை அரித்தது. அங்கே கல்லைக் கொட்டிக் கொட்டி இன்றும் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, கடற்கரை மணல் சும்மா கிடப்பது இல்லை. அலை சாய்வாக வந்து அடிக்கும்போதெல்லாம் மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகரும். அது ஓடிக்கொண்டே இருக்கிற மணல் ஆறு. குறுக்கே சுவர் வைத்தால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் குறையும். சுவர் ஓரமாகச் சேர்ந்தது ஒரு நாள் சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள் இறங்கும்.

முதலப்பொழியில் நடந்தது அதுதான். வாய்க்கு இரண்டு பக்கமும் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். மலையாளத்தில் இதற்குப் 'புலிமுட்டு' என்று பெயர். படகுக்கு அலை இல்லாத வாசல் வேண்டும் என்றுதான் கட்டினார்கள். பல ஆண்டுகள் இழுத்த வேலை. 2020-ல் துறைமுகம் திறந்தார்கள். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் சுவரின் அமைப்பு அந்தக் கடலுக்குப் பொருந்தவில்லை. மணல் வாய்க்குள் வந்து குவிகிறது.

மணல் விழுகிறது என்று தெரிந்தால் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகம் கட்டுவதற்கான பாறைகளை இங்கிருந்து படகுகளில் ஏற்றிச் செல்ல அந்தத் துறைமுகக் கம்பெனிக்கு இடம் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக வாயைத் தூர் வாரும் பொறுப்பும் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். பிறகு யார் அள்ளுவது, எவ்வளவு அள்ளுவது, அள்ளியது போதுமா என்று பேச்சு வளர்ந்தது.

பேச்சு நடந்த நாளிலும் மணல் விழுந்துகொண்டுதான் இருந்தது.

*2025 ஏப்ரல்: வாய் அடைத்தது!*

கடைசியில் 2025 ஏப்ரலில் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு மணல் மேடு போட்டுவிட்டது. படகு போகிற இடத்தில் ஆள் நடந்து போகலாம் என்ற நிலை!

துறைமுகம் ஸ்தம்பித்தது. படகுகள் உள்ளே முடங்கின. மீன் இல்லை, ஏலம் இல்லை, ஐஸ் கட்டி விற்பவர், கூடை சுமப்பவர், மீன் வண்டி ஓட்டுகிறவர், கரையில் டீ விற்பவர், எல்லோருக்கும் வரும்படி நின்றது. வேறு துறைக்குப் படகைக் கொண்டுபோகலாம் என்றால் டீசல், மண்ணெண்ணெய்ச் செலவு யார் கொடுப்பது?

இன்னொரு பக்கம், காயல் தண்ணீர் கடலுக்குப் போக வழி இல்லை. தண்ணீர் மட்டம் ஏறியது. காயல் ஓரத்தில் தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று பயந்தார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது.

தண்ணீர் வடிய வேண்டும் என்றால் ஜே.சி.பி. கொண்டுவந்து மணல் மேட்டில் ஒரு கால்வாய் வெட்டினால் போதும். ஒரே நாள் வேலை. ஆனால் மீனவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள்.

ஏன்? வெறும் கால்வாய் வெட்டினால் தண்ணீர் வடிந்துவிடும். வெள்ள பயம் போய்விடும். அதோடு அதிகாரிகளின் அவசரமும் போய்விடும்! படகு போகிற ஆழம் கிடைக்காது. பழையபடி ஆழம் இல்லாத வாயில் அலை உடைந்து ஆள் சாக வேண்டியதுதான். 'ஆழமாகத் தோண்டுகிற பெரிய இயந்திரம் வரட்டும், அப்புறம் வெட்டுங்கள்' என்பது அவர்கள் வாதம்.

வெள்ளத்துக்குப் பயந்தவர்களுக்கும் நியாயம் உண்டு. அலைக்குப் பயந்தவர்களுக்கும் நியாயம் உண்டு. நடுவில் நின்றது மணல்.

*வந்தது சந்திரகிரி*

கேரளக் கடல்சார் வாரியத்துக்குச் சொந்தமாக மணல் அள்ளும் கப்பல் ஒன்று இருக்கிறது. பெயர் சந்திரகிரி. அது இருந்த இடம் வட கேரளத்தில், கண்ணூர் அழிக்கல் துறைமுகம். முதலப்பொழி இருப்பதோ தென் கோடியில். கேரளக் கடற்கரையின் முக்கால் பங்கைக் கடந்து அதைக் கொண்டுவந்தார்கள்.

அதற்குள் கரையில் இருந்தே நீண்ட கை உள்ள மண்வாரி இயந்திரங்கள் வேலை பார்த்தன. மணல் மேட்டை வெட்டி வாயைத் திறந்தார்கள்.

திறந்தது வேறு; ஆழமானது வேறு. படகு பத்திரமாகப் போக வேண்டுமானால் அடியில் இருக்கிற மணலையும் வாரி எடுக்க வேண்டும்.

*எப்படி அள்ளுகிறார்கள்?*

கடலில் மணல் அள்ளுவது மண்வெட்டி விஷயம் அல்ல என்று ஆரம்பத்தில் சொன்னோம் அல்லவா? அதன் ரகசியம் இதோ:

ஒரு ரகம், உறிஞ்சு கப்பல். தண்ணீருக்குள் ஒரு நீண்ட கையை இறக்கும். அதன் நுனியில் சுழலும் பற்கள். அவை மணலைக் கிளறும். கிளறிய மணலைத் தண்ணீரோடு சேர்த்து ராட்சத பம்பு உறிஞ்சும். குழாய் வழியாகத் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டும். கப்பல் அசையாமல் நிற்க அடியில் பெரிய இரும்புக் கால்களை ஊன்றிக்கொள்ளும்.

இன்னொரு ரகம், ஓடிக்கொண்டே உறிஞ்சித் தன் வயிற்றிலேயே மணலை நிரப்பிக்கொள்ளும். நிரம்பியதும் ஆழக் கடலில் போய் வயிற்றைத் திறந்து கொட்டிவிட்டு வரும். ஆனால் அந்தக் கப்பல் மிதக்கவே ஆழம் வேண்டும். வாய் தூர்ந்த இடத்தில் அது எப்படி நுழையும்?

மூன்றாவது, கரையில் நின்று அள்ளும் மண்வாரி. அதன் கை எட்டுகிற தூரம் மட்டும்தான் வேலை நடக்கும்.

எந்த ரகமாக இருந்தாலும் ஒன்று நிச்சயம். அலை பெரிதாக இருந்தால் வேலை நடக்காது. இரும்புக் கால் ஊன்றிய கப்பலை அலை தூக்கித் தூக்கிப் போட்டால் கால் முறியும், குழாய் அறுந்துபோகும். ஆக, மழைக்காலம் வருவதற்கு முன்னால் அள்ளினால்தான் உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அள்ளிய மணலை எங்கே கொட்டுகிறார்கள்? வாய்க்குப் பக்கத்திலேயே கொட்டினால் அடுத்த வாரமே அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அரிப்பு இருக்கிற பக்கத்தில் கொட்டினால் அந்த ஊர்க் கரைக்கும் லாபம். மணலும் சீக்கிரம் திரும்பாது.

*மழையோடு பந்தயம்*

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ந் தேதி வாக்கில் கேரளத்தில் இறங்கும். அந்தக் கணக்கில்தான் எல்லா வேலையும் திட்டமிடுவார்கள்.

2025-ல் மழை காத்திருக்கவில்லை. மே 24-ந் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் முன்கூட்டியே!

முன்பே அள்ளியிருந்தால் இந்தத் தவிப்பு இருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் கடல் குளம் மாதிரி கிடக்கும். அப்போது ஒரு மாதம் அள்ளினால் வாய் சுத்தம். ஏப்ரலில் அடைத்த பிறகு, மழைக்கு 6 வாரமே இருக்கும்போது ஆரம்பித்தால், இயந்திரம் வருவதற்கே நாள் போய்விடுகிறது. அதனால்தான் 'அவசரத் தூர் வாரல்' என்பது எப்போதுமே அரைகுறைத் தூர் வாரலாக முடிகிறது.

மழைக்காலத்தில் கடலுக்குப் போகாமல் இருந்தால் என்ன என்று ஆபீஸ் போகிறவர்கள் கேட்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு முதல் தேதி சம்பளம் வரும். மீனவனுக்கு?

கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் இருந்து ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு இழுவலைக்குத் தடை. ஆனால் சிறு படகுகளுக்குத் தடை இல்லை. பெரிய படகுகள் ஒதுங்கி நிற்கிற அந்த 52 நாள்தான் சிறு படகுக்காரனுக்கு அறுவடை. மீனும் கிடைக்கும், விலையும் கிடைக்கும். கடல் மிக மோசமாக இருக்கிற அதே நாளில்தான் அவன் கடலுக்குப் போயாக வேண்டி இருக்கிறது.

அந்த 52 நாளில் வாய் ஆழமாக இருப்பதும் இல்லாததும்தான் அவன் தலையெழுத்து.

*அமெரிக்காவிலும் இதே தலைவலி!*

நம் நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ஆரகன் கடல்வாய் என்று ஓர் இடம். 1846-ல் ஒரு பெரும் புயல் தீவை இரண்டாகப் பிளந்து இந்த வாயைத் திறந்தது. மீன்பிடிப் படகுகளும் உல்லாசப் படகுகளும் சாரி சாரியாகப் போகிற வழி. ஆனால் மணல் ஓயாமல் விழுகிறது. வாயும் ஓர் இடத்தில் நிற்காமல் தெற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. வருஷம் தவறாமல் அள்ளுகிறார்கள்.

1990 அக்டோபர் 26-ந் தேதி அங்கே ஒரு விபரீதம் நடந்தது. மணல் அள்ள வந்த கப்பலே புயலில் நங்கூரம் இழுபட்டுப் போய், வாயின் மேல் இருந்த பாலத்தில் மோதியது. பாலத்தில் சுமார் 370 அடி நீளம் இடிந்து கடலில் விழுந்தது! நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. தீவில் இருந்தவர்கள் ரோடு இல்லாமல் படகிலேயே போய் வந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் பாலம் மறுபடி திறந்தது.

பணக்கார நாடு, பெரிய இன்ஜினீயர்கள். இருந்தும் மணலோடு மல்லுக்கட்டு ஓயவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். 'இது வருஷா வருஷம் செய்கிற வேலை' என்று ஒப்புக்கொண்டு அதற்கென்று கப்பல், அதற்கென்று பணம் ஒதுக்குகிறார்கள்.

*நிரந்தரத் தீர்வு உண்டா?*

உண்டு. புனாவில் மத்திய அரசின் நீர், மின்சார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கடலையே சின்னதாகத் தொட்டியில் அமைத்து, அலையைச் செயற்கையாக எழுப்பி, சுவர் எப்படி இருந்தால் மணல் எங்கே போகும் என்று சோதித்துப் பார்ப்பார்கள். முதலப்பொழிக்கும் அவர்கள் ஆராய்ந்து யோசனை சொன்னார்கள். கல் சுவரை நீட்டித் திருத்தி அமைக்க வேண்டும் என்பது அதில் முக்கியம்.

அந்த வேலைக்கும் துறைமுக வசதிகளுக்கும் சேர்த்து ரூ.177 கோடியில் திட்டம் போட்டார்கள். மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு.

சுவர் நீண்டால் மணல் குறையும். ஆனால் அடியோடு நிற்காது. அந்த மணல் ஆறு ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனவே சுவர் கட்டினாலும் ஆண்டுதோறும் ஆழம் அளந்து பார்ப்பதும், குறைந்த இடத்தில் அள்ளுவதும் தொடர வேண்டும். சாக்கடையைக் கட்டிவிட்டுத் தூர் வாராமல் விட்டால் என்ன ஆகும் என்று நகரத்தில் இருக்கிற நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

2025-ல் அவசரமாக அள்ளிய பிறகும் முதலப்பொழியில் படகு கவிழ்வது நின்றுபோகவில்லை. அவசர வேலை அவசரத்துக்குத்தான் உதவும்.

*நம் வாசலிலும் மணல்*

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு. நாட்டிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் முகத்துவாரமும் அடிக்கடி தூர்ந்துபோகும். வாய் அடைத்தால் படகு கடலுக்குப் போகாது, ஏரிக்குள் கடல் தண்ணீர் வராது, இறால் வராது. மீனவர்கள் தாங்களே பணம் போட்டு, தாங்களே இறங்கி மணலை வெட்டித் திறந்த நாட்கள் உண்டு. பிறகு வாய்க்கு இரண்டு பக்கமும் நேர்கல் சுவர் கட்டி நிரந்தரமாகத் திறந்து வைக்க அரசு திட்டம் எடுத்தது.

அதே பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் பலியானதை யாரும் மறந்திருக்க முடியாது. அது மணலால் வந்த விபத்து என்று சொல்ல வரவில்லை. ஒரே படகில் அத்தனை பேர். ஒருவரிடமும் லைப் ஜாக்கெட் இல்லை. ஆனால் முகத்துவாரம் என்பது ஏரி மாதிரி சாதுவாகத் தெரிந்து ஆளை ஏமாற்றுகிற இடம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அடையாறு, கூவம் முகத்துவாரங்களிலும் மணல் அடைக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மண்வாரி இயந்திரத்தை இறக்கி வெட்டிவிடுவது வழக்கம். அங்கே படகு போகவில்லை. ஆனால் ஊர் மழைத் தண்ணீர் போக வேண்டும். வாய் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் நம் வீட்டுக்குத்தான் வரும்.

*என்ன செய்யலாம்?*

வாய் ஆழம் எவ்வளவு என்று மாதம் ஒரு முறை அளந்து, துறைமுகத்தில் பலகையில் எழுதிப் போடலாம். பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதிப் போடுகிற மாதிரிதான். பெரிய செலவு இல்லை.

அலை எச்சரிக்கை வந்தால் வாயில் கொடி ஏற்றலாம், விளக்குப் போடலாம். மீட்புப் படகும் ஆளும் வாய் ஓரத்திலேயே காத்திருக்க வேண்டும். போன் போட்டபின் எங்கிருந்தோ வருகிற படகால் பயன் இல்லை. கல்லில் மோதுகிற ஆளுக்குக் கணக்கு நிமிஷத்தில் அல்ல, நொடியில்.

மணல் அள்ளுவதை ஜனவரியில் ஆரம்பிக்க வேண்டும். ஏப்ரலில் அல்ல.

லைப் ஜாக்கெட்? மீனவர்களில் பலர் போடுவது இல்லை. வலை இழுக்க இடைஞ்சல் என்கிறார்கள். வலை இழுக்கும்போது கழற்றி வையுங்கள். வாயைத் தாண்டுகிற அந்தப் பத்து நிமிஷமாவது போட்டுக்கொள்ளுங்கள். போட்டவர் மிதப்பார், மிதக்கிறவரைத்தான் தூக்க முடியும்.

பழவேற்காடோ, முட்டுக்காடோ, கொல்லமோ, எங்கே உல்லாசப் படகு ஏறினாலும் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட். முகத்துவாரம் வரை போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள்.

நாளைக் காலை மார்க்கெட்டில் மத்தியும் அயிலையும் விலை பேசுவோம். "என்னம்மா, இவ்வளவு விலை சொல்றே?" என்போம். அந்த மீன் ஏதோ ஒரு வாயைத் தாண்டித்தான் கரைக்கு வந்திருக்கிறது. அந்த வாயில் எத்தனை அடி ஆழம் என்று அன்று காலை யாராவது அளந்து பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.